விறகு ஓவன் பராமரிப்பு: கரி, சாம்பல், ஈரம்

ஓவன் சரியாகச் சூடேறவில்லை என்றால் பெரும்பாலானவர்கள் முதலில் செய்வது, இன்னும் இரண்டு கட்டையை உள்ளே திணிப்பது. புகை கூடும், கண் எரியும், பன்னின் அடி கருகும், மேல்பக்கம் வெளுத்தே கிடக்கும். விறகு குறைந்ததால் இப்படி ஆவது அபூர்வம். சூடு போக வேண்டிய வழியில் கரி படிந்திருக்கும். காற்று வர வேண்டிய வழியைச் சாம்பல் அடைத்திருக்கும். அல்லது செங்கல் மழை ஈரத்தைக் குடித்து உட்கார்ந்திருக்கும். விறகு ஓவனைப் பராமரிப்பது என்பது இந்த மூன்றையும் முறைவைத்து வெளியேற்றும் வேலைதான்.

ஆலங்காயத்தில் இந்த மூன்றுக்கும் உள்ளூர்க் காரணங்கள் சேர்ந்துகொள்கின்றன. ஊர் ஜவ்வாது மலையின் அடிவாரத்தில், வாணியம்பாடியிலிருந்து காவலூர் ஏறும் சாலையில் இருக்கிறது. வட தமிழகத்தின் உள்பகுதி என்பதால் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்குப் பருவமழையும் உண்டு. ஆடி தொடங்கிக் கார்த்திகை வரை செங்கல் முழுதாய் உலர்வதற்கு இடைவெளி குறைவு. பக்கத்திலேயே தோல், காலணித் தொழிற்சாலைகள் இருப்பதால், மற்ற ஊர் பேக்கரிக்காரர் யோசிக்கவே தேவையில்லாத ஓர் எரிபொருள் ஆபத்தும் இங்கே உண்டு. அதைக் கீழே தனியாகப் பார்ப்போம்.

கட்டி முடித்த அடுப்பைக் கவனிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஒடிசாவில் நல்ல சான்று இருக்கிறது. கிராம் விகாஸ் என்ற தொண்டு நிறுவனம் அங்கே கிராமத்து வீடுகளில் புகைபோக்கி வைத்த அடுப்புகளைக் கட்டிக்கொடுத்தது. ரெமா ஹன்னா, எஸ்தர் டுஃப்லோ, மைக்கேல் கிரீன்ஸ்டோன் என்ற மூன்று பொருளியலாளர்கள் அந்த வீடுகளை நான்கு ஆண்டுகள் வரை பின்தொடர்ந்து, 2016-இல் ஆய்வை வெளியிட்டார்கள். முதல் ஆண்டில் சமைப்பவர்கள் உள்ளிழுத்த புகை குறைந்தது. அடுத்தடுத்த ஆண்டுகளில் அந்தப் பலன் காணாமல் போனது. அடுப்பை ஒழுங்காகப் பயன்படுத்தவில்லை, பழுதுபார்க்கவில்லை, போகப்போகக் கைவிட்டுவிட்டார்கள். விறகுச் செலவும் குறையவில்லை. அடுப்போடு சேர்த்துத் துடைக்கும் வழக்கமும் வீட்டுக்குள் வந்திருக்க வேண்டும். அது வரவில்லை.

உங்கள் ஓவன் எந்த வகை?

துப்புரவு முறை ஓவனின் வகையைப் பொறுத்தது.

செங்கல் ஓவன்: வளைவுக் கூரை, ஒரே வாய். நெருப்பு உள்ளேயே எரியும். செங்கல் சூட்டை வாங்கிக்கொண்டதும் தணலை வாரி வெளியே எடுத்து, தரையை ஈரச் சாக்கால் துடைத்து, தட்டுகளைத் துடுப்பால் உள்ளே தள்ளிக் கதவை மூடுவார்கள். நம் பக்கத்துப் பழைய பேக்கரிகளில் இருப்பது இதுதான். யாழ்ப்பாணத்தில் பாண் சுடும் போறணையும் இதே முறையில் வேலை செய்வதுதான்.

இரும்புப் பெட்டி ஓவன்: நெருப்பு தனி அறையில் எரியும். பக்கத்திலோ மேலேயோ ஓர் இரும்புப் பெட்டி இருக்கும். சூடான புகை அந்தப் பெட்டியின் மேலும் பக்கமும் அடியும் சுற்றிவந்து புகைபோக்கியில் ஏறும். வெல்டிங் பட்டறையில் சொல்லிச் செய்த ஓவன்களும், மலைவாசத் தலங்களின் பழைய பங்களாக்களில் இருக்கும் வார்ப்பிரும்பு அடுப்புகளும் இந்த வகை.

இரண்டுக்கும் அடிப்படை வேறுபாடு ஒன்று உண்டு. செங்கல் ஓவனின் உட்புறக் கரியை நெருப்பே எரித்துவிடும். இரும்புப் பெட்டியைச் சுற்றிப் படியும் கரியை நீங்கள்தான் கையால் சுரண்ட வேண்டும்.

பராமரிப்பு விறகுத் தொட்டியில் தொடங்குகிறது

புதிதாக வெட்டிய விறகின் எடையில் ஏறத்தாழப் பாதி தண்ணீர். ஒரு டன் பச்சை விறகுக்குக் காசு கொடுத்தால் அரை டன் தண்ணீருக்கும் சேர்த்தே கொடுக்கிறீர்கள். அந்தத் தண்ணீரில் ஒவ்வொரு லிட்டரையும் ஆவியாக்க 600 கிலோகலோரிக்கு மேல் செலவாகும். அதுவும் நீங்கள் வாங்கிய விறகிலிருந்துதான் வர வேண்டும். நெருப்பு குளிர்ந்து, முழுதாய் எரியாத புகை மேலே போய், புகைபோக்கியின் சுவரில் கரியாகவும் தாராகவும் ஒட்டிக்கொள்ளும். ஈரப்பதம் 20 சதவீதத்துக்குக் கீழே வந்த விறகுதான் ஓவனுக்கு ஏற்றது.

கருவி இல்லாமலே இதைக் கண்டுபிடிக்கலாம். இரண்டு கட்டைகளை மோதுங்கள். உலர்ந்த கட்டை ‘டக்’ என்று கணீரென ஒலிக்கும், ஈரக்கட்டை மந்தமாய்ச் சத்தமிடும். வெட்டுமுகத்தில் நடுவிலிருந்து விளிம்புக்கு ஓடும் வெடிப்புகள் இருக்க வேண்டும். பட்டை தானே கழன்று வர வேண்டும். சந்தேகமாக இருந்தால் ஒரு கட்டையில் குறி போட்டு வாரத்துக்கு ஒருமுறை எடை பாருங்கள். எடை குறைவது நின்றுவிட்டால் அது எடுக்கத் தயார்.

சீமைக்கருவேல், புளி, வேம்பு, சவுக்கு போன்ற கனமான கட்டைகள் நெடுநேரம் நிற்கும் தணல் தரும். தென்னை மட்டையும் கொட்டாங்குச்சியும் பற்றவைக்க நல்லவை, ஆனால் அவற்றை மட்டுமே நம்பி ஓவனைச் சூடேற்ற முடியாது. பங்குனி, சித்திரையில் வாங்கி, மணிக்கட்டுப் பருமனுக்குப் பிளந்து, தரையில் படாமல் இரண்டு செங்கல் உயரத்தில் அடுக்குங்கள். அக்னி நட்சத்திர வெயில் செலவில்லாமல் உலர்த்திக் கொடுக்கும். மழைக்காலத்தில் மேலே மட்டும் தார்ப்பாய் போதும். நான்கு பக்கமும் மூடினால் விறகு புழுங்கிப் பூஞ்சை பிடிக்கும்.

ஓவனுக்குள் போகவே கூடாதவை

தோல் துண்டு: வாணியம்பாடி, ஆம்பூர் வட்டாரத்தில் தோல் சீவலும் வெட்டுத் துண்டும் எளிதில் கிடைக்கும், நன்றாக எரியவும் செய்யும். அதனாலேயே இது ஆபத்து. பெரும்பாலான தோல் குரோமியம் உப்பால் பதனிடப்படுகிறது. தோலில் இருக்கும்போது அந்தக் குரோமியம் ஒப்பீட்டளவில் தீங்கு குறைந்த மூவிணைய வடிவில் இருக்கும். காற்றுள்ள நெருப்பில் எரிக்கும்போது அதில் ஒரு பகுதி, புற்றுநோயை உண்டாக்கும் அறுவிணைய குரோமியமாக மாறுகிறது. விறகுச் சாம்பலில் உள்ள சுண்ணாம்புச் சத்து இந்த மாற்றத்துக்குத் துணைபோகும். ரொட்டி சுடும் தரையில் அந்தச் சாம்பல் ஒட்டியிருந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். பாலாற்றுப் படுகையில் தோல் கழிவு செய்த கேட்டைப் பற்றி வேலூர் குடிமக்கள் நலமன்றம் தொடுத்த வழக்கில் உச்சநீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்பு சொன்னது. மாசுபடுத்தியவரே அதற்கான விலையைக் கொடுக்க வேண்டும் என்ற கொள்கையை நாடெங்கும் நிலைநிறுத்திய தீர்ப்பு அது. ஆற்றுக்கு ஆகாததைச் சமையல் நெருப்பில் போடுவதற்கு நியாயமே கிடையாது.

செருப்புத் தொழிற்சாலைக் கழிவு: ரெக்சின், ஃபோம், ரப்பர் சோல், பசை தடவிய அட்டை எதுவும் வேண்டாம். ரெக்சினில் உள்ள பிவிசி எரிந்தால் ஹைட்ரோகுளோரிக் அமிலப் புகை வரும். அது நுரையீரலைக் கெடுப்பதோடு இரும்புப் பெட்டியையும் குழாயையும் அரித்துவிடும்.

பேக்கிங் பலகை: ஏற்றுமதித் தொழிற்சாலைகளிலிருந்து வரும் மரப் பேலட்டுகள் மலிவாகக் கிடைக்கும். வாங்கும்முன் அதில் கதிர் வடிவ முத்திரையைத் தேடுங்கள். அதன் பக்கத்தில் எச்.டி. என்ற எழுத்துகள் இருந்தால் சூட்டில் பதப்படுத்தியது. எம்.பி. என்றிருந்தால் மீதைல் புரோமைடு என்ற நச்சுவாயு அடித்தது, அதை ஒதுக்கிவிடுங்கள். முத்திரையே இல்லாவிட்டாலும், எண்ணெயோ ரசாயனமோ சிந்திய கறை இருந்தாலும் வேண்டாம்.

பெயிண்ட் அடித்த கதவு, பிளைவுட், பழைய ரயில்வே ஸ்லீப்பர் கட்டை ஆகியவையும் இந்தப் பட்டியலில்தான் சேரும்.

கரி: செங்கல் ஓவனில்

காலையில் நெருப்பு மூட்டியதும் உட்கூரை கறுக்கும். அதைப் பார்த்துக் கலங்க வேண்டாம். செங்கல் சுமார் 350 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது அந்தக் கரி தானாக எரிந்து, கூரை மறுபடி செங்கல் நிறத்துக்கு வெளுக்கும். ஓவன் தயார் என்பதற்கு அனுபவசாலிகள் பார்க்கும் அடையாளமும் இதுதான்.

எல்லா இடமும் வெளுத்து ஓரிடம் மட்டும் கறுப்பாகவே நின்றால், அங்கே சூடு சேரவில்லை என்று பொருள். அந்த இடத்தின் வெளிப்புறத்தைத் தொட்டுப் பாருங்கள். ஈரமாக இருந்தால் மழைநீர் இறங்குகிறது. அதிகமாகச் சுட்டால் வெளிப்பூச்சு மெலிந்து சூடு கசிகிறது. இரண்டும் இல்லையென்றால் நெருப்பை ஒரே மூலையில் எரிக்கிறீர்கள். இடம் மாற்றிப் பாருங்கள்.

கூரையில் தண்ணீர் அடித்துக் கழுவக் கூடாது. சோப்பு, ஆசிட், பினாயில் எதுவும் உள்ளே போகக் கூடாது. செங்கல் அவற்றை உறிஞ்சி வைத்துக்கொண்டு, அடுத்த சூட்டில் ரொட்டிக்குக் கொடுத்துவிடும். கேக் வழிந்து தரையில் கருகிப்போனால் சுரண்டியால் பெரும்பகுதியை எடுத்துவிட்டு, மிச்சத்தை மறுநாள் நெருப்புக்கு விட்டுவிடுங்கள்.

தரையைத் தென்னந்துடைப்பத்தாலோ பனைநார்த் துடைப்பத்தாலோ பெருக்குங்கள். கம்பி பிரஷ்ஷின் முடி உதிர்ந்து பன்னின் அடியில் ஒட்டும் ஆபத்து உண்டு. கடைசியாகத் துடைக்கும் சாக்கு நன்றாகப் பிழிந்ததாக இருக்க வேண்டும். சொட்டச் சொட்ட ஈரம் பட்டால் சூடான செங்கல் விரிசல் விடும். துடைத்த பிறகு கதவை மூடிச் சூடு எங்கும் பரவக் கொஞ்ச நேரம் விடுங்கள். பிறகு ஒரு சிட்டிகை மைதாவைத் தரையில் தூவிப் பாருங்கள். மெல்லப் பொன்னிறமானால் ரொட்டிக்குச் சரி. போட்டவுடன் கறுத்தால் கதவைத் திறந்து ஆறவிட வேண்டும். நிறமே மாறாவிட்டால் சூடு போதாது.

கரி: இரும்புப் பெட்டி ஓவனில்

கரியும் சாம்பலும் சூட்டைத் தடுக்கும் போர்வை. பெட்டியைச் சுற்றி அவை படிந்துவிட்டால், நெருப்பு எவ்வளவு எரிந்தாலும் சூடு உள்ளே போகாமல் புகைபோக்கி வழியே வீணாகும். தினமும் எரியும் ஓவனுக்கு இந்த வேலையை வாரத்துக்கு ஒருமுறை செய்யுங்கள். எப்போதாவது எரிந்தால் மாதம் ஒருமுறை போதும்.

1. முதல்நாள் இரவே நெருப்பை அணைத்துவிடுங்கள். முழுதாய் ஆறிய அடுப்பில்தான் கை வைக்க வேண்டும்.
2. தரையில் பழைய சாக்கை விரியுங்கள். மூக்கையும் வாயையும் மூடும் முகக்கவசம், கண்ணாடி, கையுறை அணியுங்கள்.
3. மேல் தட்டைத் தூக்கி, பெட்டியின் மேல்புறத்தில் கிடக்கும் சாம்பலையும் கரியையும் சுரண்டியால் நெருப்பறைப் பக்கம் இழுத்து அள்ளுங்கள்.
4. பக்கவாட்டுச் சந்துகளில் நீளமான தட்டைக் கம்பியை விட்டு மேலிருந்து கீழாகச் சுரண்டுங்கள்.
5. பெட்டிக்கு அடியில் உள்ள சிறு கதவைத் திறந்து, கீழே விழுந்ததையெல்லாம் வாருங்கள். பலரும் மறக்கும் இடம் இது. அப்படி ஒரு கதவே இல்லாவிட்டால், உள்ளங்கை நுழையும் அளவுக்கு ஒன்றை வெட்டி மூடி வைத்துத் தரச் சொல்லிப் பட்டறையில் கேளுங்கள்.
6. புகைபோக்கி சேரும் இடத்தையும், டேம்பர் என்று பட்டறையில் சொல்லும் அடைப்புத் தகட்டையும் துடைத்து, தகடு தடையின்றித் திரும்புகிறதா என்று பாருங்கள்.
7. எல்லா மூடிகளையும் திரும்ப வைத்து, கதவுகளின் விளிம்பைச் சோதியுங்கள். தம் போடும்போது தேக்சாவின் மூடியை மாவால் அடைப்பது போல, மூடிகளின் சந்துகளைக் குழைத்த களிமண்ணால் அடைத்துவிடுங்கள். வேண்டாத காற்று புகுந்தால் இழுவை குறையும்.

பெட்டியின் உட்புறம் சர்க்கரையும் கொழுப்பும் கருகி ஒட்டியிருக்கும். சமையல் சோடாவைக் கொஞ்சம் தண்ணீரில் குழைத்துப் பூசி, இரவு முழுக்க விட்டு, காலையில் மரச் சட்டுவத்தால் தள்ளி, ஈரத்துணியால் இரண்டு மூன்று முறை துடையுங்கள். அலுமினியத் தட்டுகளுக்குச் சாம்பலும் வேண்டாம், காஸ்டிக் சோடாவும் வேண்டாம். இரண்டும் அலுமினியத்தை அரிக்கும்.

எந்தக் குறிக்கு எங்கே பார்ப்பது?

- மேல் கருகி அடி வேகவில்லை: பெட்டிக்கு அடியில் உள்ள வழி அடைத்திருக்கிறது.
- ஒரு பக்கம் மட்டும் வேகிறது: மறுபக்கச் சந்தில் கரி.
- பற்றவைத்ததும் புகை வாய்வழியே திரும்புகிறது: புகைபோக்கி குளிர்ந்திருக்கிறது அல்லது அடைத்திருக்கிறது. ஒரு காகிதத்தைக் கொளுத்திக் குழாயின் அடியில் காட்டுங்கள். புகை மேலே இழுக்கப்பட்டால் குளிர்தான் காரணம், இல்லையென்றால் அடைப்பு.
- விறகு புகைகிறது, சுடர் வரவில்லை: ஈர விறகு, அல்லது கிராதியின் அடியில் சாம்பல் நிறைந்திருக்கிறது.
- வழக்கத்தைவிட விறகு அதிகம் போகிறது: மேலே சொன்ன எல்லாவற்றையும் பாருங்கள்.

புகைபோக்கி

குழாயின் உட்சுவரில் கரி 3 மில்லிமீட்டர் தடித்துவிட்டால் உடனே சுத்தம் செய்ய வேண்டும். உலர்ந்த கரி பொடியாய் உதிரும். ஈர விறகு எரித்த குழாயில் பளபளப்பான கறுப்புத் தார் பூச்சு இருக்கும். அதுதான் தீப்பிடிக்கக் கூடியது.

நீண்ட கயிற்றின் நடுவில் குழாயின் அளவுக்குக் கட்டிய நார் பிரஷ்ஷையும் நுனியில் ஓர் இரும்புக் குண்டையும் கட்டி, மேலிருந்து இறக்கி ஏற்றுங்கள். கீழ்வாயை ஈரச் சாக்கால் மூடியிருக்க வேண்டும். கூரையேற இரண்டாவது ஆள் வேண்டும், தனியாக ஏறக் கூடாது. ஓட்டுக்கூரை, தகரக்கூரை எதுவானாலும் பலகை போட்டுத்தான் நடக்க வேண்டும்.

பழைய வீடுகளில் புகைபோக்கியாக ஆஸ்பெஸ்டாஸ் சிமெண்ட் குழாய் இருக்கலாம். அதை அறுப்பதும் உரசுவதும் உடைப்பதும் நார்த்தூசியைக் கிளப்பும். சுரண்டிச் சுத்தம் செய்வதைவிட, நனைத்து முழுசாகக் கழற்றி மாற்றுவதே நல்லது. புதுக்குழாய் போடும்போது நெருப்பறையை ஒட்டிய முதல் பகுதி சாதாரணக் கறுப்பு இரும்பாக இருக்கட்டும். துத்தநாகம் பூசிய ஜி.ஐ. குழாயை அங்கே வைத்தால், 419 டிகிரியில் துத்தநாகம் உருகும் என்பதை நினைவில் வையுங்கள். அதன் புகை காய்ச்சலை உண்டாக்கும். குழாயின் முனை கூரையின் உச்சியைவிட இரண்டு மூன்று அடி உயர்ந்திருந்தால் இழுவையும் இருக்கும், பக்கத்து வீட்டுச் சண்டையும் இருக்காது. விறகுப் புகை இன்று அண்டை வீட்டாரோடு நிற்கும் விஷயமும் இல்லை. மும்பையில் விறகும் கரியும் எரிக்கும் பேக்கரிகளை ஆறு மாதத்துக்குள் தூய எரிபொருளுக்கு மாறும்படி பம்பாய் உயர்நீதிமன்றம் 2025 ஜனவரியில் உத்தரவிட்டது.

கரியைக் கையாள்பவர் தன் உடம்பையும் கவனிக்க வேண்டும். லண்டனில் புகைபோக்கி துடைத்த சிறுவர்களுக்குப் பிற்காலத்தில் வந்த புற்றுநோய்க்குக் கரியே காரணம் என்று பெர்சிவல் பாட் என்ற அறுவை மருத்துவர் 1775-லேயே எழுதினார். ஒரு தொழிலுக்கும் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை முதலில் காட்டியவர்களில் அவர் ஒருவர். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் குளித்து, உடுத்திய துணியைத் தனியாகத் துவையுங்கள். இந்த வேலைக்குப் பிள்ளைகளை இறக்காதீர்கள்.

சாம்பல்

தினமும் காலையில் கிராதியின் அடியை வாருங்கள். காற்று அந்த வழியாகத்தான் நெருப்புக்கு வர வேண்டும். சாம்பல் மேலே ஆறியதுபோல் தெரியும், உள்ளே கங்கு ஒரு நாளுக்கு மேலும் உயிரோடு கிடக்கும். பிளாஸ்டிக் வாளியிலோ அட்டைப் பெட்டியிலோ கோணிப் பையிலோ கொட்டாதீர்கள். மூடியுள்ள இரும்பு டப்பா, அதுவும் வெளியே வெறுந்தரையில், விறகு அடுக்கிலிருந்து தள்ளி இருக்க வேண்டும்.

தணலை வாரி அறைக்குள் வைத்துக் குளிர்காய்வது மார்கழியில் பலருக்கும் வழக்கம். கதவு மூடிய அறையில் தணல் விடும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தலைவலி, குமட்டல், தூக்கக் கலக்கம் என்று தொடங்கி மயக்கத்தில் கொண்டுவிடும். தணல் எப்போதும் வெளியில்தான் ஆற வேண்டும். ஓவன் இருக்கும் கூடத்திலும் எதிரெதிராக இரண்டு திறப்புகள் இருக்கட்டும்.

சுத்தமான விறகின் சாம்பல் தோட்டத்துக்கு நல்லது. சாம்பல்சத்தும் சுண்ணாம்புச்சத்தும் தரும். யூரியாவோடு கலக்காதீர்கள். சாம்பலின் காரம் யூரியாவின் தழைச்சத்தை அம்மோனியாவாகக் காற்றில் விரட்டிவிடும். களர் நிலத்துக்கும் வேண்டாம், ஏற்கெனவே காரமான மண் இன்னும் மோசமாகும். உள்ளே என்ன எரிந்தது என்று தெரியாத சாம்பலைத் தோட்டத்தில் போடவே கூடாது.

ஈரம்

தண்ணீர் ஆவியாகும்போது சுமார் 1,600 மடங்கு விரியும். ஈரம் குடித்த செங்கல்லை ஒரேயடியாகச் சூடேற்றினால் அந்த ஆவிக்கு வெளியேற வழி இல்லாமல் செங்கல் செதில் செதிலாய் உரியும், கூரை பிளக்கும். மழைக்காலத்தில் சில நாள் ஓவன் மூடிக் கிடந்திருந்தால் இப்படித் தொடங்குங்கள்.

முதல்நாள் கைப்பிடிச் சுள்ளி மட்டும், இரண்டு மூன்று மணி நேரம், வெளிச்சுவர் கைக்கு இதமாய் இருக்கும் அளவுக்கு. இரண்டாம் நாள் விரல் பருமன் குச்சிகள், அதைவிடக் கொஞ்சம் நீளமாக. மூன்றாம் நாள் பாதி நெருப்பு. சுவர் வியர்ப்பது நின்றுவிட்டதா என்று பார்த்துவிட்டு, நான்காம் நாள் முழு நெருப்பு. கிறிஸ்துமஸ் கேக், ரமலான், தீபாவளி ஆர்டர் இருக்கிறது என்பதற்காக இதைச் சுருக்காதீர்கள். ஆர்டர் நாளிலிருந்து ஐந்து நாள் பின்னோக்கி எண்ணி முதல் சுள்ளியைப் பற்றவையுங்கள்.

ஓவனுக்கு மேலே தகரக் கொட்டகை கட்டாயம் வேண்டும். குழாயின் தலையில் குல்லாய், அடியில் நீர் தேங்காத மேடு, இரண்டும் இருந்தால் பாதிப் பழுது வராது. இரும்புப் பகுதிகள் துருப்பிடித்தால் உப்புத்தாளால் தேய்த்து, நல்லெண்ணெயை மெல்லியதாகத் தடவி, சிறு நெருப்பில் காயவிடுங்கள். எண்ணெய் தடித்தால் பிசுபிசுத்துத் தூசி பிடிக்கும்.

விரிசலும் பூச்சும்

மயிரிழை விரிசல் எல்லா ஓவனிலும் வரும். செங்கல் தினமும் விரிந்து சுருங்குகிறது, அதற்கு இடம் வேண்டும். ஒரு ரூபாய் நாணயம் நுழையும் விரிசலை மட்டும் அடையுங்கள்.

அடைக்க வரும் மேஸ்திரி கையில் சிமெண்ட் இருந்தால் தடுத்துவிடுங்கள். சிமெண்டில் உள்ள சுண்ணாம்பு 400 டிகிரிக்கு மேல் தன் நீரை இழந்து, பிறகு காற்றின் ஈரத்தை வாங்கி மறுபடி ஊதும். இரண்டு மூன்று மாதத்தில் பூச்சு பொடியாகி ரொட்டிமேல் கொட்டும். பயர் கிளே கிடைத்தால் அதுவே நல்லது. கிடைக்காவிட்டால் சலித்த களிமண் ஒரு பங்குக்கு, செங்கல் பொடியோ மணலோ இரண்டரை, மூன்று பங்கு சேர்த்துக் குழையுங்கள். ஓர் உருண்டை பிடித்து நிழலில் காயவைத்துப் பாருங்கள். வெடித்தால் மணல் போதவில்லை, உதிர்ந்தால் களிமண் போதவில்லை. விரிசலைச் சுத்தம் செய்து, நீர் தெளித்து, உள்ளே அழுத்தித் திணித்து, இரண்டு நாள் காயவிட்டுச் சிறு நெருப்பு மூட்டுங்கள். கூரைச் செங்கல் கீழே இறங்கியிருந்தாலோ, வளைவின் நடுக்கல் ஆடினாலோ, பூசி மறைக்காமல் ஓவனை நிறுத்திவிட்டு, வளைவு கட்டத் தெரிந்த கொத்தனாரை அழையுங்கள்.

புகைபோக்கி தீப்பிடித்தால்

குழாய்க்குள் லாரி ஓடுவது போல உறுமல் கேட்கும். முனையில் பொறி பறக்கும், குழாய் சிவக்கும். நெருப்பறைக் கதவையும் காற்று வழியையும் டேம்பரையும் உடனே மூடுங்கள். சிவந்த இரும்பிலோ செங்கல்லிலோ தண்ணீர் ஊற்ற வேண்டாம். விறகு அடுக்கையும் கேஸ் சிலிண்டரையும் அப்புறப்படுத்தி, ஆட்களை வெளியேற்றி, தீயணைப்புத் துறைக்கு 101 அல்லது 112-இல் சொல்லுங்கள். அணைந்த பிறகும் குழாயை முழுதாய்ச் சோதிக்காமல் மறுபடி பற்றவைக்கக் கூடாது. ஒரு வாளி உலர்மணலும் ஒரு தீயணைப்பானும் ஓவன் கூடத்தின் வாசலருகே, நெருப்பைத் தாண்டாமல் எடுக்கும் இடத்தில் இருக்க வேண்டும்.

ஆண்டு வேலைகள்

- தை, மாசி: பெரிய பழுதுகள். செங்கல் உலர்ந்திருக்கும் காலம் இது.
- பங்குனி, சித்திரை: விறகு வாங்கிப் பிளந்து அடுக்குதல்.
- ஆனி: புகைபோக்கி முழுச் சுத்தம், குல்லாய், கொட்டகைத் தகரம், ஓவன் மேட்டின் வடிகால்.
- ஆடி முதல் ஐப்பசி வரை: நெருப்பு இல்லாத நாளிலும் வாயை மூடி வைத்தல், வாரம் ஒருமுறையாவது சிறு நெருப்பு.
- கார்த்திகை: புகைபோக்கி இரண்டாம் சுத்தம், நான்கு நாள் உலர் நெருப்பு, விரிசல் சோதனை.

நோட்டில் மூன்று வரி

ஓவனின் நிலையைச் சொல்லும் மலிவான கருவி ஒரு நாற்பது பக்க நோட்டு. தினமும் மூன்று வரி எழுதுங்கள்: எத்தனை கிலோ விறகு எரிந்தது, பற்றவைத்ததிலிருந்து கூரை வெளுக்க எவ்வளவு நேரம் ஆனது, எத்தனை தட்டு சுட்டீர்கள். இரும்புப் பெட்டியாக இருந்தால் கூரை வெளுப்பதற்குப் பதிலாக முதல் தட்டு வெந்த நேரத்தை எழுதலாம். நன்றாகச் சுத்தம் செய்த வாரத்தின் கணக்கை அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள். பிறகு தட்டுக்கு ஆகும் விறகு அதைவிடப் பத்தில் ஒரு பங்கு கூடினால், விறகுக்காரரைத் திட்டும்முன் சுரண்டியைக் கையில் எடுங்கள். சுத்தம் செய்த பிறகும் கணக்கு இறங்காவிட்டால் விறகில் ஈரம் இருக்கிறது. விறகும் சரியாக இருந்தால் செங்கல்லில் ஈரமோ விரிசலோ இருக்கிறது. இந்த வரிசையில் தேடினால் காரணம் அகப்படும், மேஸ்திரிக்குக் கொடுக்கும் கூலியும் தேவையான இடத்துக்கு மட்டுமே போகும்.